பையின் கடைசி இலக்கம் ஏன் 4? பயிர் வட்டங்களும் ஏலியன் வாதமும்

2008 ஜூன் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், பார்பரி காசில் என்ற பழைய மண்கோட்டைக்குப் பக்கத்துப் பார்லி வயலில் ஒரு பயிர் வட்டம் விழுந்தது: நின்ற பயிரை ஒரே இரவில் சாய்த்து வரைந்த, மேலிருந்து பார்த்தால் தெரியும் சித்திரம். நடுவிலிருந்து வெளியே சுருண்டு போகும் ஒரு பாதை. வழவழப்பான சுருள் இல்லை. அங்கங்கே படி வைத்து ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்குத் தாவுகிறது. பார்த்தவர்களுக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மைக்கேல் ரீட் என்ற வானியற்பியலாளர்தான் முடிச்சை அவிழ்த்தார். வட்டத்தைப் பீட்சா வெட்டுவதுபோலப் பத்துச் சம துண்டுகளாக வெட்டுங்கள். முதல் படி மூன்று துண்டு தூரம் ஓடுகிறது, அடுத்தது ஒரு துண்டு, அதற்கடுத்தது நான்கு. நடுவுக்கு அருகே உள்ள சின்னப் பொட்டு தசமப் புள்ளி. எண்ணிக்கொண்டே போனால் 3.141592654. பை, அதாவது வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்.

இந்த வட்டங்களைப் போடுவது வேற்றுக்கிரகவாசிகள், அதாவது ஏலியன்கள், என்று நம்பும் கட்சிக்காரர்கள் இதைத் தங்கள் கையில் கிடைத்த பெரிய சான்றாகக் கொண்டாடினார்கள். எனக்கு அந்தக் கடைசி 4 மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. பையின் இலக்கங்கள் 3.14159265358 என்று போகின்றன. பத்தாவது இடத்தில் இருக்கும் இலக்கம் 3. அதற்கடுத்தது 5 என்பதால், பத்து இலக்கத்தோடு நிறுத்துகிறவர் 3-ஐ 4 ஆக உயர்த்தி எழுதுவார். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் முழுமையாக்கல் விதி. பத்து இலக்கத் திரையுள்ள கால்குலேட்டரில் பை பொத்தானை அழுத்தினால் வந்து நிற்கும் எண் இதே எண். பத்தின் அடிமானம், தசமப் புள்ளி, 5 வந்தால் மேலே ஏற்று என்ற வழக்கம், இவையெல்லாம் பத்து விரல் உள்ள ஒரு இனம் தன் வசதிக்கு ஏற்படுத்திக்கொண்டவை. பல ஒளியாண்டு கடந்து வந்தவர் எதற்காக நம் கால்குலேட்டர் திரையின் அகலத்தோடு நிறுத்திக்கொண்டார்?

இதைச் சொன்னால் மறுபக்கத்திலிருந்து எப்போதும் வரும் பதில் ஒன்று உண்டு: "சரி, அது மனிதன் போட்டதாகவே இருக்கட்டும். எல்லாமே மனிதன் போட்டதா? ஒரே ராத்திரியில், இருட்டில், பயிரின் ஒரு தாள்கூட முறியாமல் இவ்வளவு துல்லியமாகப் போட மனிதனால் முடியுமா?" ஏலியன் வாதம் முழுக்க இந்த "முடியுமா"வின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எனவே விண்கலம் இருக்கிறதா இல்லையா என்ற சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு, வேலையைப் பார்ப்போம். எப்படிப் போடுகிறார்கள், எத்தனை நேரம் ஆகும், எங்கே சொதப்பும்.

நாடா, முளை, பலகை

முதலில் வயல். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் மஞ்சளாகப் பூத்திருக்கும் ரேப் என்ற எண்ணெய்க் கடுகு, அதன் பின் பார்லி, ஜூன் பாதி முதல் அறுவடை வரை கோதுமை. வில்ட்ஷயரில் பருவம் இந்த வரிசையில்தான் நகரும். ரேப் செடியின் தண்டு தடி, மொறுமொறுப்பு. சாய்த்தால் படாரென்று முறியும், ஓரம் பிசிறடிக்கும். அதில் நுணுக்கமான வடிவம் போட முயல்வது வீண்வேலை. போட்டவர் உடுப்பெல்லாம் மகரந்தம் ஒட்டி மஞ்சளாகத்தான் வெளியே வருவார். பார்லி மெத்தை மாதிரிப் படுக்கும். கோதுமைதான் தொழில்காரர்களுக்குப் பிடித்தது. தாள் விறைப்பு, நின்ற பயிருக்கும் சாய்ந்த பயிருக்கும் இடையே விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும்.

அடுத்தது வழி. "காலடித் தடமே இல்லை" என்பது இந்த விவாதத்தில் நைந்துபோன சான்று. இங்கிலாந்து தானிய வயல் எதை வானத்திலிருந்து பார்த்தாலும் இணைகோடுகளாக டிராக்டர் தடங்கள் ஓடும். உரமும் மருந்தும் தெளிக்கும் இயந்திரத்தின் கை எவ்வளவு நீளமோ அவ்வளவு இடைவெளியில், 12, 18, 24 மீட்டர் என்று, பருவம் முழுக்க ஒரே தடத்தில் சக்கரம் ஓடுவதால் அங்கே பயிர் கிடையாது. மண் இறுகிக் கிடக்கும். சாலையோரம் இறங்கி அந்தத் தடத்தில் ஒருவர் பின் ஒருவராக நடந்தால் வயலின் நடுவரை ஒரு கதிரைக்கூடத் தொடாமல் போகலாம். படங்களை எடுத்துப் பாருங்கள். பெரிய வடிவங்களின் ஊடாக இந்தத் தடம் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கருவிகள்: 30 அல்லது 50 மீட்டர் அளவுநாடா இரண்டு, மூங்கில் குச்சி சில, பலகை ஆளுக்கொன்று, அளவுகள் எழுதிய அட்டை. பலகை ஒரு மீட்டருக்குமேல் ஒன்றரை மீட்டருக்குள். இரண்டு முனையிலும் துளையிட்டுக் கயிறு கோத்து, கயிற்றின் வளைவு இடுப்புயரத்தில் கைக்கு வரும்படி விட வேண்டும். ஒரு காலைப் பலகையின் நடுவில் வைத்து, கயிற்றை இழுத்துப் பிடித்தபடி பலகையைக் காலோடு தூக்கி ஒரு அடி முன்னே வைத்து அழுத்த வேண்டும். பலகையின் முன்விளிம்பு தாளை முதலில் முன்னுக்குத் தள்ளும், அப்புறம்தான் உடல் எடை இறங்கும். இந்த வரிசை முக்கியம். மேலிருந்து நேராக மிதித்தால் தாள் நசுங்கி நாலாபக்கமும் தெறிக்கும். தள்ளி அழுத்தினால் எல்லாம் ஒரே திசையில் வாரிவிட்ட தலைமுடிபோலப் படியும்.

வட்டம் போடுவது கொத்தனாரும் தோட்டக்காரரும் செய்வதுதான். ஒருவர் நடுவில் நாடாவின் முனையைப் பிடித்து நிற்பார். இன்னொருவர் நாடாவை இறுக்கி, கதிர்களுக்கு மேலே உயர்த்திப் பிடித்து, காலைத் தேய்த்தபடி சுற்றி வருவார். அவர் காலில் விழுந்தது ஒரு அடி அகலமுள்ள ஒல்லி வளையம். அது எல்லைக்கோடு. அறுகோணமா? அதே ஆரத்தை எல்லைக்கோட்டின் மேல் ஆறு முறை அடியெடுத்தால் ஆறு முனையும் வந்துவிடும். செங்கோணமா? வீட்டு மூலை பார்க்கும் 3-4-5 கணக்கு. ஏற்கெனவே தெரிந்த இரண்டு புள்ளிகளிலிருந்து இரண்டு நாடாவை இழுத்து, அட்டையில் எழுதியிருக்கும் நீளங்களில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் குச்சி நட்டால், எந்த வளைவின் எந்தப் புள்ளியையும் இருட்டில் குறித்துவிடலாம். கோணமானி வேண்டாம், லேசர் வேண்டாம். புள்ளி வைத்துக்கொண்டு கோலம் போடுகிற வீட்டில் இதை விளக்க வேண்டியதே இல்லை.

எல்லைக்கோடு அத்தனையும் முதலில்; நிரப்புவது பிற்பாடு. சாய்த்த தாளை நிமிர்த்த முடியாது, ரப்பர் கிடையாது. நிரப்பத் தொடங்கியபின் "அடடா, இந்தக் கை ஒரு மீட்டர் தள்ளிப்போச்சே" என்றால் போச்சுதான். நிரப்பும் நேரத்தைக் கணக்குப் போடுவோம். 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 314 சதுர மீட்டர். 1.2 மீட்டர் பலகையை 30 சென்டிமீட்டர் எட்டில் நகர்த்தினால் ஒரு மிதிக்கு 0.36 சதுர மீட்டர். ஏறக்குறைய 870 மிதி. நொடிக்கு ஒன்று என்றால் பதினைந்து நிமிடத்துக்குள். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் சேர்த்து இருபத்தைந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு பலகை.

சொதப்பும் இடங்கள் எல்லாத் தொழிலிலும்போல சின்னச் சின்ன விஷயங்கள்தான். நாடா கதிரில் சிக்கித் தொய்ந்தால் வளையத்தின் தொடக்கமும் முடிவும் சந்திக்காமல் ஓர் அடி தள்ளி நிற்கும். நடுவில் நிற்பவர் திரும்பும்போது காலை மாற்றி வைத்தால் வட்டம் முட்டையாகும். சரிவான நிலத்தில் தரையோடு அளந்த வட்டம் மேலிருந்து பார்க்கையில் நசுங்கித் தெரியும். பனி இறங்கினால் முழங்கால்வரை நனைந்து, தடத்தின் சேறு தாளில் ஒட்டிக் காலையில் காட்டிக்கொடுக்கும். டார்ச் அடிக்கக் கூடாது. பக்கத்துப் பண்ணையில் எவராவது விழித்திருப்பார். நட்ட மூங்கில் குச்சியை மறந்துவிட்டு வந்தால் அறுவடை இயந்திரத்தின் வாயில் அது சிக்கும், உழவரின் சாபமும் சேரும். சாய்ந்த பயிரைக் கையால் விலக்கிப் பார்ப்பவர்களுக்கு அடியில் அந்த ஒல்லி எல்லைக்கோடு வேறு திசையில் படுத்திருப்பது தெரியும். "பின்னல்போல அடுக்கடுக்காக இருக்கிறது, எந்தப் பலகையாலும் முடியாது" என்று படம் எடுத்துப் போடுகிறார்களே, அந்தப் பின்னலில் பாதி இதுதான்: எது முதலில் படுத்தது, எது அதன்மேல் விழுந்தது என்ற வரிசை.

1991 செப்டம்பர்

சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த டக் போவர், டேவ் சோர்லி என்ற இரண்டு நண்பர்கள் 1978-ல் வின்செஸ்டர் அருகே சீஸ்ஃபுட் ஹெட் பக்கத்து மதுக்கடையிலிருந்து வெளியே வந்து இதைத் தொடங்கினார்கள். போவர் முன்பு ஆஸ்திரேலியாவில் இருந்தவர். 1966 ஜனவரியில் குயின்ஸ்லாந்தின் டல்லி ஊரருகே சதுப்பு நாணல் ஒன்பது மீட்டர் அகலத்துக்குச் சுழன்று படுத்திருந்ததைப் "பறக்கும் தட்டின் கூடு" என்று பத்திரிகைகள் எழுதியது அவர் மனதில் இருந்தது. முதல் கருவி, போவரின் கடைப் பின்கதவுக்குக் குறுக்கே போடும் இரும்புத் தண்டு. முட்டிபோட்டுத் தவழ்ந்து சாய்த்தார்கள். பலகையும் கயிறும் பிறகு வந்தது. நேர்கோட்டுக்கு, தொப்பியின் விளிம்பிலிருந்து கண்முன்னே தொங்கும் ஒரு கம்பி வளையம். அதன் வழியே தொலைவில் ஒரு விளக்கையோ மரத்தையோ குறிவைத்து நடப்பார்கள். இரண்டு மூன்று வருஷம் எவரும் கவனிக்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. சாலையிலிருந்து கீழே பார்த்தால் தெரியும் கிண்ணம்போன்ற நிலத்தில் 1981-ல் போட்ட பிறகுதான் செய்தி ஆனது. இரவு நேரத்தில் காரில் ஓடிய மைல் கணக்கைப் பார்த்துவிட்டு போவரின் மனைவி வேறு விதமாகச் சந்தேகப்பட்டார். கடைசியில் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

இதற்குள் ஆய்வாளர்கள் முளைத்துவிட்டார்கள். பாட் டெல்கடோ, ஓய்வுபெற்ற பொறியாளர். ஏதோ மேலான அறிவு இதன் பின்னால் இருக்கிறது என்ற பக்கம் சாய்ந்தவர். டெரன்ஸ் மீடன், வானிலை ஆய்வாளர், சூறாவளிகளை ஆராயும் அமைப்பை 1974-ல் தொடங்கியவர். மலைச்சரிவில் உருவாகும் மின்னூட்டம் பெற்ற காற்றுச் சுழல்தான் காரணம் என்று சொன்னவர். ஏலியன் வேண்டாம் என்பவர்களுக்கு மீடன்தான் கௌரவமான அடைக்கலம். ஒற்றை வட்டம் வந்தபோது சுழல் என்றார். நடுவில் ஒன்றும் சுற்றி நான்கும் வந்தபோது சுழலுக்குத் துணைச் சுழல் என்றார். வளையம் வந்தபோது வளையத்துக்கும் இடம் கொடுத்தார். 1990-ல் நேர்கோடு, சாவிப் பல், நகம் எல்லாம் சேர்ந்த நீண்ட சித்திரங்கள் வந்தன. காற்று நேர்கோடு போடாதே.

இந்த விவகாரத்தின் திருப்புமுனை 1991-தான். அதுவும் ஒன்றல்ல, இரண்டு. போவரும் சோர்லியும் 'டுடே' என்ற நாளிதழிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள். நாளிதழ் அதை அப்படியே அச்சிடவில்லை. கென்ட்டில் செவனோக்ஸ் அருகே அவர்களை ஒரு வடிவம் போடச் சொல்லி, பிறகு டெல்கடோவை அழைத்துக் காட்டியது. மனித வேலையாக இருக்க வாய்ப்பே இல்லை என்று அவர் உறுதி சொன்னார். அதன் பிறகு உண்மை சொல்லப்பட்டது. ஏமாந்துவிட்டேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அதே கோடையில் மார்ல்பரோ பக்கம் கிளெஞ்ச் காமன் என்ற இடத்தில், வெசெக்ஸ் ஸ்கெப்டிக்ஸ் என்ற ஐயவாதிகள் குழு தொலைக்காட்சி கேமரா முன்னால் ஒரு வட்டம் போட்டது. அதைப் பார்த்து அசல் என்று சான்று கொடுத்தவர் மீடன்.

டெல்கடோ தவறியதைவிட மீடன் தவறியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏலியன் என்று சொன்னவரும் தவறினார், இயற்கை என்று சொன்னவரும் தவறினார். இருவரும் எதிரெதிர் கட்சி. ஆனால் இருவர் கையிலும் இருந்தது ஒரே உரைகல்: தாள் முறியவில்லை, விளிம்பு சுத்தம், சுழற்சி அழகு, ஆகவே அசல். அந்த உரைகல்லில் பலகை வேலையும் தங்கமாகவே தெரிந்தது. அசல் எது போலி எது என்று பிரிக்கும் கருவி உலகத்தில் ஒருவரிடமும் இல்லை என்பது அன்றைக்கு வெளியாகிவிட்டது. அதன் பிறகு "80 சதவீதம் போலி, மீதி அசல்" என்று யாராவது சொன்னால், எதை வைத்துப் பிரித்தீர்கள் என்று மட்டும்தான் நான் கேட்பேன். இதுவரை கிடைத்த பதில், "பார்த்தாலே தெரியும்".

ஒப்புதல் வந்ததும் விவகாரம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 200-க்கு மேல் போட்டதாகச் சொன்ன அறுபது வயது தாண்டிய இருவர் மற்ற நாடுகளில் எப்படிப் போட்டிருப்பார்கள் என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்வி, அதற்கு எளிய விடையும் உண்டு: படம் பார்த்த எவரும் போடலாம். 1992 ஜூலையில் பக்கிங்ஹாம்ஷயரின் வெஸ்ட் விக்கமில் இதற்கென்றே ஒரு போட்டி நடந்தது. ஏற்பாட்டாளர்களில் ஒருவர் ரூபர்ட் ஷெல்ட்ரேக். மரபான அறிவியலோடு எப்போதும் மல்லுக்கு நிற்பவர், எனவே ஐயவாதிகளின் கூட்டுச்சதி என்று ஒதுக்க முடியாது. 3,000 பவுண்டு பரிசை வென்றது வெஸ்ட்லேண்ட் ஹெலிகாப்டர் நிறுவனத்துப் பொறியாளர்கள் மூவர். அவர்கள் கையில் இருந்தவை கயிறு, பிவிசி குழாய், பலகை, நூல், இரண்டு மடக்கு ஏணி, இன்னும் சில்லறை. ஏணி எதற்கென்றால், தடத்திலிருந்து தள்ளித் தனித்து நிற்கும் சின்ன வட்டத்துக்கு இடையிலுள்ள பயிரை மிதிக்காமல் போக வேண்டும். ஏணியும் பலகையும் இருந்தால் அந்தரத்தில் பாலம் ரெடி. அதே 1992-ல் போவருக்கும் சோர்லிக்கும் இயற்பியலுக்கான இக் நோபல் பரிசும், அதாவது நோபலைக் கேலி செய்து தரும் வேடிக்கைப் பரிசும், கிடைத்தது.

கணு

ஏலியன் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் வலுவான வாதம் இதுதான், இதைக் கேலி செய்து தள்ளுவது சரியில்லை. வட்டத்துக்குள் படுத்த தாள்களின் கணு நீண்டிருக்கிறது, வளைந்திருக்கிறது, சிலவற்றில் வெடித்துத் துளை விழுந்திருக்கிறது; உள்ளே இருந்த ஈரம் நுண்ணலையில் கொதித்ததுபோல இருக்கிறது என்கிறார்கள். அமெரிக்காவின் டபிள்யூ. சி. லெவன்குட் 1994-ல் தாவரவியல் ஆய்விதழ் ஒன்றிலேயே இதை எழுதினார்.

நெல்லோ கோதுமையோ காற்றில் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். முற்றாத பயிர் என்றால் சில நாளில் நுனி மெல்ல மேலே தலைதூக்கும். தாளின் நடுப்பகுதி வளைவதில்லை, கணுவில்தான் வளைகிறது. புல் இனத்தில் கணுவை ஒட்டிய இலையுறையின் அடிப்பகுதி, மற்றவை வளர்ச்சியை நிறுத்திய பிறகும் வளரும் திறனை வைத்திருக்கிறது. தாள் கிடைமட்டமானதும் வளர்ச்சி ஊக்கி கீழ்ப்பக்கத்தில் கூடுகிறது, கீழ்ப்பக்கம் நீளுகிறது, மேல்பக்கம் அப்படியே நிற்கிறது, தாள் நிமிர்கிறது. கணு நீள்வதும் வளைவதும் ஒரே வேலையின் இரண்டு முகம். அதாவது, எவர் சாய்த்தாலும், மழை சாய்த்தாலும், மூன்று நாள் கழித்துப் பறித்த தாளில் கணு நீண்டே இருக்கும்.

ஆகவே ஒப்பிட வேண்டியது எதோடு? வட்டத்துக்கு வெளியே நிமிர்ந்து நிற்கும் பயிரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வரத்தான் செய்யும். படுத்த பயிருக்கும் நின்ற பயிருக்கும் உள்ள வித்தியாசம் அது. அதே வயலில், அதே இரவில், பலகையால் சாய்த்த ஒரு துண்டோடு ஒப்பிட வேண்டும். தாளை அளப்பவருக்கு எது எங்கிருந்து வந்தது என்று தெரியக் கூடாது. இந்த இரண்டு கட்டுப்பாட்டையும் வைத்துச் செய்து, அதன் பிறகும் வித்தியாசம் நிற்கிறது என்று காட்டினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். "ஒரு தாள்கூட முறியவில்லை" என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. ஜூன் மாதத்துப் பச்சைத் தாளைச் சாய்த்தால் அது மடங்கும். ஆகஸ்ட் கடைசியில் காய்ந்த தாளைச் சாய்த்தால் நொறுங்கும். முறிவது முறியாதது சாய்த்தவரைப் பொறுத்தது இல்லை, தேதியைப் பொறுத்தது.

வந்து சேராத கடிதத்துக்குப் பதில்

செய்திகள் பக்கம் வருவோம். 1974 நவம்பரில் போர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ வானொலித் தொலைநோக்கி 1,679 துணுக்குகள் (0 அல்லது 1) கொண்ட ஒரு செய்தியை எம்13 என்ற விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பியது. 23 × 73 கட்டமாக அடுக்கினால் படமாகும். 2001 ஆகஸ்டில் ஹாம்ப்ஷயரின் சில்போல்டன் வானொலித் தொலைநோக்கி நிலையத்தின் பக்கத்து வயலில், அதே கட்டத்தில் "பதில்" கிடந்தது. உயிருக்கு ஆதாரமான தனிமங்களின் பட்டியலில் சிலிக்கான் கூடுதலாக இருந்தது, மனித உருவத்துக்குப் பதில் பெரிய தலை உருவம் இருந்தது. எம்13 ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நாம் அனுப்பிய செய்தி 2001-க்குள் 27 ஒளியாண்டுதான் போயிருந்தது. வழியில் யாரோ மறித்துப் படித்தார்கள் என்றால், அவர்களும் வானொலியில் பதில் அனுப்பியிருக்கலாமே, பக்கத்திலேயே ஆன்டெனா நிற்கிறது. அதை விட்டுவிட்டு ஒரு உழவரின் கோதுமையில் எழுதுவானேன்?

அடுத்த ஆண்டு வின்செஸ்டர் அருகே கிராப்வுட்டில் ஏலியன் முகமும் கையில் ஒரு வட்டத் தட்டும். தட்டில் சுருளாக ஓடிய கட்டங்களை எட்டெட்டாகப் பிரித்து, கணினியில் எழுத்துகளை எண்ணாகக் குறிக்கும் ஆஸ்கி குறியீடாகப் படித்தால் ஆங்கிலத்தில் எச்சரிக்கை வாசகம். ஆஸ்கி 1963-ல் அமெரிக்காவில் வகுத்த தரநிலை. முகத்தை வரைந்திருந்த விதமோ பழைய டிவித் திரை மாதிரி கிடைக்கோடுகளைத் தடிப்பாக்கி மெலிதாக்கி நிழல் கொடுத்தது. வேலை அபாரம், ஒப்புக்கொள்கிறேன். அந்த அபாரத்தை மனிதக் கைக்குக் கொடுக்க மனம் வராமல் பிடுங்கி வேறு யாருக்கோ கொடுப்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. 2013 டிசம்பரில் கலிபோர்னியாவின் சுவாலர் பார்லி வயலில் 192 என்ற எண்ணைப் பிரெயில் புள்ளிகளாக ஒளித்துவைத்த வட்டம் வந்தபோதும் இதே கூச்சல்தான். ஒரு வாரத்துக்குள் என்விடியா நிறுவனம், 192 கருக்கள் உள்ள தன் புதுச் சிப்புக்கான விளம்பரம் அது என்று மேடையில் அறிவித்தது.

எவரும் உரிமை கொண்டாடாத வில்ட்ஷயரின் மில்க் ஹில் வட்டத்தை எதிர்க்கட்சி எப்போதும் கடைசிச் சீட்டாக இறக்கும். 2001 ஆகஸ்ட் 12-ஐ ஒட்டிய இரவு, 238 மீட்டர் அகலம், 409 வட்டங்கள், ஆறு கைகள். "நான்கு மணி நேர இருட்டில் 409 வட்டமா?" முதலில், ஆகஸ்ட் நடுவில் அங்கே சூரியன் மறைந்து உதிக்க ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகிறது, வேலைக்கேற்ற இருட்டு ஏழு மணி நேரமாவது இருக்கும். நான்கு மணி நேரம் என்பது ஜூன் மாதத்துக் கணக்கு. அடுத்து, 409-ல் நடுவட்டத்தைக் கழித்தால் 408. ஆறால் வகுத்தால் 68. அட்டையில் 68 வரி எழுதினால் போதும், அதையே ஆறு முறை போட வேண்டும். எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு 51 வட்டம், ஒன்றுக்கு எட்டு நிமிடம். மிகப் பெரிய வட்டங்களே இருபது மீட்டரை ஒட்டியவை, மீதியில் பெரும்பாலானவை சின்னச் சின்னவை. அந்த இரவு மழையும் பெய்தது, கடினமான வேலைதான். முடியாத வேலை இல்லை.

ஏன் எவரும் முன்வரவில்லை என்றால், அதற்குச் சட்டம் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில்தான் வில்ட்ஷயர் வயலில் வட்டம் போட்ட ஒருவருக்குப் பிறர் உடைமையைச் சேதப்படுத்திய குற்றத்துக்காக 100 பவுண்டு அபராதமும் செலவுத் தொகையும் விதித்திருந்தார்கள். சேதம் என்பதில் வட்டம் போட்டவரைவிடப் பார்க்க வந்தவர்களின் பங்கு அதிகம். ஹங்கேரியில் 1992-ல் 36 மீட்டர் வட்டம் போட்ட இரண்டு மாணவர்கள்மேல் வழக்குப் போட்டபோது, வட்டத்துக்குள் இருந்த பயிருக்கு மட்டுமே அவர்கள் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. மீதியை மிதித்தது வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். எல்லா உழவரும் அழுததாகவும் சொல்ல முடியாது. 1996-ல் ஸ்டோன்ஹெஞ்ச் எதிரே 151 வட்டங்களோடு விழுந்த, ஜூலியா கணம் என்ற கணிதச் சுருள் வடிவத்தின் வாசலில் உண்டியல் வைத்தவருக்கு நான்கு வாரத்தில் 30,000 பவுண்டு வந்ததாக அப்போது செய்தி. சாய்ந்த கோதுமையின் விலை சில நூறைத் தாண்டியிருக்காது.

காவல் இருந்து பார்த்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். இருந்தார்கள். 1990 ஜூலையில் வில்ட்ஷயரின் பிராட்டன் காசில் குன்றின்மேல், ஆபரேஷன் பிளாக்பேர்ட் என்று பெயர் வைத்து, டெல்கடோவும் அவர் கூட்டாளி காலின் ஆண்ட்ரூஸும், பிபிசியும், ஜப்பான் தொலைக்காட்சியும், இருட்டில் வெப்பத்தைப் பார்க்கும் கேமராக்களோடு இரவிரவாக உட்கார்ந்தார்கள். 25-ஆம் தேதி விடியலில் கீழே வயலில் வட்டங்கள் தெரிந்தன. பெரிய நிகழ்வு நடந்துவிட்டது என்று நேரடி ஒளிபரப்பில் உலகத்துக்கு அறிவித்துவிட்டு, அப்புறம்தான் இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு மரச்சிலுவையும், கடையில் விற்கும் 'ஹோரோஸ்கோப்' என்ற ஜோசிய விளையாட்டுப் பலகையும் வைத்திருந்தது.